63 கேட்ச், 15 வெற்றி: பிராக் பவர்ஸின் ஜார்ஜியா ஆண்டுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடுபவர்களில் அந்த ஆண்டின் சிறந்தவருக்குக் கொடுக்கப்படும் ஜான் மேக்கி விருது 2000-இல் தொடங்கியது. பிறகு டிவியில் நட்சத்திரங்களாக வலம் வந்த பலர் அதை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் 2022 வரை அதை இரண்டு முறை வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. 2023-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பிராக் பவர்ஸ் இரண்டாவது முறையாக வாங்கினார், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில். அந்த 2023 சீசனில் அவர் முழு ஆட்டங்களும் ஆடவில்லை என்பது கூடுதல் தகவல்.

ஆனால் இவருடைய எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், ஆட்டத்தைப் பார்க்காத ஒருவர் சற்று உதட்டைப் பிதுக்கக்கூடும். மூன்று சீசன்கள், 40 ஆட்டங்கள், 175 கேட்ச், 2,538 யார்டு, 26 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது). ஆட்டத்துக்கு நாலரை கேட்ச்கூட இல்லை. 2021-இல் மேக்கி விருதை வாங்கிய கொலராடோ ஸ்டேட்டின் டிரே மெக்பிரைட் அந்த ஒரு சீசனிலேயே 90 கேட்ச் பிடித்தவர். பவர்ஸ் எந்தச் சீசனிலும் 63-ஐத் தாண்டவில்லை, 1,000 யார்டையும் தொடவில்லை. அப்படியிருந்தும் கடந்த கால் நூற்றாண்டின் சிறந்த கல்லூரி டைட் எண்ட் யார் என்று கேட்டால் பெரும்பாலானோர் இவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இந்த ஆய்வின் பொருள். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவருடைய எண்கள் சிறியதாக இருந்ததற்குப் பெரிய காரணம், அவர் இருந்த அணி எதிராளியை நசுக்கிக்கொண்டிருந்ததுதான். அந்த நசுக்கலில் அவர் பங்கு ஸ்கோர்போர்டில் பாதிதான் தெரியும்.

டைட் எண்ட் என்பவர் யார்?

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைக்கிறவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இது தோள்கவசமும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு ஆடும் அமெரிக்க ஆட்டம். மைதானம் 100 யார்டு, பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். நாலு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து கைமாறும். நடுவில் பந்தை எறியும் குவாட்டர்பேக் நிற்பார். அவருக்கு முன்னால் ஐந்து பாரமான ஆட்கள் சுவர் மாதிரி நின்று தடுப்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். ஓரங்களில் ஒல்லியான, வேகமான ரிசீவர்கள் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பார்கள்.

டைட் எண்ட் இந்த இரண்டு சாதிக்கும் நடுவில் நிற்பவர். சுவரின் கடைசிக் கல்லாகக் குனிந்து நின்று 120 கிலோ ஆளை முட்டித் தள்ளவும் வேண்டும்; அடுத்த டவுனிலேயே நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். கிரிக்கெட்டில் உண்மையான ஆல்ரவுண்டர் ஒருவர் கிடைத்தால் கேப்டனுக்கு 12 பேரோடு ஆடுவது போல இருக்குமே, அதே கதைதான். அங்கே போலவே இங்கேயும் பெரும்பாலான டைட் எண்டுகள் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். நன்றாகத் தள்ளுவார்கள், ஓட மாட்டார்கள். அல்லது ஓடுவார்கள், தள்ளச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். தள்ளுவதற்கு யார்டும் கிடையாது, டச்டவுனும் கிடையாது. எந்தப் பத்திரிகையின் அட்டவணையிலும் அது வராது.

நாப்பாவிலிருந்து ஏதென்ஸ்

பவர்ஸ் 2002 டிசம்பர் 13-இல் பிறந்தவர். ஊர் கலிபோர்னியாவின் நாப்பா. திராட்சைத் தோட்டத்துக்கும் ஒயினுக்கும் பேர்போன இடம், ஃபுட்பாலுக்கு அல்ல. அப்பாவும் அம்மாவும் யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்கள். அப்பா ஃபுட்பாலில் சென்டர், அதாவது அந்தச் சுவரின் நடுக்கல். அம்மா சாஃப்ட்பால் ஆடினார்; அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற வீராங்கனைகளில் ஒருவர். அக்காவும் கல்லூரி சாஃப்ட்பால் வீராங்கனை. தள்ளுவது கௌரவக் குறைச்சல் இல்லை என்ற எண்ணம் இந்தப் பையனுக்கு எங்கிருந்து வந்தது என்பதை யாரும் பெரிதாகத் தேட வேண்டியதில்லை.

நாப்பா உயர்நிலைப் பள்ளியில் ஓட்டம், பிடிப்பு, தடுப்பு என்று எதைச் சொன்னாலும் செய்தார். கடைசி ஆண்டு வந்தபோது கொரோனாவும் வந்தது. கலிபோர்னியா 2020 இலையுதிர்காலப் பள்ளி ஆட்டங்களைத் தள்ளிப்போட்டது. பவர்ஸ் காத்திருக்கவில்லை. 2021 ஜனவரியிலேயே, பள்ளியின் கடைசி சீசனை ஆடாமலே, நாட்டின் மறுகோடியில் ஜார்ஜியாவின் ஏதென்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதாவது 2019-க்குப் பிறகு அவர் ஆடிய முதல் போட்டி, 2021 செப்டம்பர் 4-இல் கிளெம்சனுக்கு எதிரான கல்லூரி ஆட்டம்.

இது சாதாரண விஷயம் இல்லை. கர்பி ஸ்மார்ட் பயிற்சியாளராக இருந்த ஜார்ஜியாவுக்கு நாடு முழுக்கப் பொறுக்கியெடுத்த பையன்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். முதலாண்டு மாணவர்கள் பலருக்கு ஓரத்தில் நின்று கைதட்டுவதுதான் முழுநேர வேலை. பவர்ஸுக்கு வாசல் திறந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அணியின் முதன்மை ரிசீவர் ஜார்ஜ் பிக்கன்ஸ் அந்த வசந்தகாலத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்துவிட்டார். டைட் எண்ட் வரிசையில் முன்னால் இருந்த டார்னெல் வாஷிங்டனுக்குக் காலில் காயம். சரி, பையனை இறக்கிப் பார்ப்போம் என்ற நிலை.

கிளெம்சனை ஜார்ஜியா 10-3 என்று திணறித் திணறி ஜெயித்தது. அந்த ஆட்டத்திலேயே பவர்ஸ் 6 கேட்ச் பிடித்தார். அடுத்த வாரம் யு.ஏ.பி. அணிக்கு எதிராக ஒரு பந்தைப் பிடித்து 89 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். டைட் எண்ட் 89 யார்டு ஓடுவதா? தடுக்க வேண்டிய ஆட்கள் பின்னால் துரத்தி வந்தும் அவரோடு இடைவெளி குறையவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கேதான் பொறி தட்டியது. அந்தச் சீசன் முடியும்போது 56 கேட்ச், 882 யார்டு, 13 டச்டவுன். ஜார்ஜியாவின் வரலாற்றில் ஒரே சீசனில் 13 டச்டவுன் பாஸ் பிடித்தவர் அதற்கு முன் யாருமில்லை; ரிசீவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தென்கிழக்குப் பகுதிப் பல்கலைக்கழக அணிகளின் லீகான எஸ்.இ.சி.யின் சிறந்த முதலாண்டு வீரர் விருதும் கிடைத்தது.

இரண்டு எண்ட், ஒரு தலைவலி

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 2021, 2022 இரண்டு சீசன்களிலும் ஜார்ஜியாவின் தாக்குதலை வகுத்தவர் டாட் மான்கன். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு டைட் எண்டுகள் இருந்தார்கள். ஒருவர் 6 அடி 7 அங்குலமும் 120 கிலோ அளவும் உள்ள வாஷிங்டன், நடமாடும் கதவு. இன்னொருவர் 6 அடி 3 அங்குலமும் 110 கிலோவும் உள்ள பவர்ஸ். அந்த எடையில் ரிசீவர் மாதிரி ஓடுபவர்.

ஒரு ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்), இரண்டு டைட் எண்ட் சேர்ந்த அமைப்பை அங்கே பயிற்சியாளர்கள் '12' என்பார்கள். ஒவ்வொரு டவுனுக்கு முன்பும் எதிரணிப் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று, யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்துத் தன் ஆட்களை மாற்றுவார். இரண்டு டைட் எண்ட் வந்தால் பொதுவாக அர்த்தம், பந்தைத் தூக்கிக்கொண்டு நேரே மோதப் போகிறார்கள் என்பது. ஆகவே தடுப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் கனமான லைன்பேக்கர்களை இறக்க வேண்டும். இறக்கினால்? மான்கன் பவர்ஸைச் சுவரிலிருந்து நகர்த்தி ஓரத்தில் ரிசீவராக நிறுத்துவார். இப்போது அந்தக் கனத்த லைன்பேக்கர் வெட்டவெளியில் பவர்ஸைத் துரத்த வேண்டும். துரத்த முடியாது.

சரி, அதற்குப் பதில் வேகமான, சின்ன ஆட்களை இறக்கினால்? வாஷிங்டனும் பவர்ஸும் சுவரோடு ஒட்டி நின்று அந்தச் சின்ன ஆட்களைப் பத்து யார்டு தள்ளிக்கொண்டு போவார்கள்; பந்து அவர்கள் பின்னாலேயே ஓடும். எதை எடுத்தாலும் தப்பு. அதிலும் ஜார்ஜியா ஆட்களை மாற்றாமல் அவசர அவசரமாக அடுத்த டவுனுக்குப் போனால், எதிரணியாலும் ஆட்களை மாற்ற முடியாது. அதே 11 பேர் ஒரு டவுன் மோதுவார்கள், அடுத்த டவுன் பரவலாக விரிந்து நிற்பார்கள்.

இதில் பவர்ஸுக்குப் பந்து வரும் ஆட்டங்களைவிட, வராத ஆட்டங்களில் அவர் வேலை சுவாரஸ்யமானது. அவர் ஓரத்துக்கு நகர்ந்தாலே எதிரணியின் கடைசிக் காவலரான சேஃப்டி ஒருவர் அவரோடு நகர்வார். நடுவில் ஓட்டை விழும். அங்கே வேறொருவர் பந்தோடு புகுந்து போவார். அந்த யார்டு புகுந்து போனவர் கணக்கில்தான் சேரும்.

போதாக்குறைக்கு, அவரையே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் விட்டார்கள். 2022 செப்டம்பரில் கென்ட் ஸ்டேட்டுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில், குவாட்டர்பேக்குக்குப் பின்புறமாகச் சுற்றி வந்து பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு 75 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். மூன்று ஆண்டுகளில் இப்படி மொத்தம் 19 முறைதான் ஓடினார்: 193 யார்டு, 5 டச்டவுன். பிடித்தது 175, ஓடியது 19. ஆக 194 முறை பந்து கைக்கு வந்ததில் 31 டச்டவுன். கிட்டத்தட்ட ஆறு தடவைக்கு ஒன்று. கேட்ச் எண்ணிக்கையைவிட இந்த விகிதம்தான் அவரைப் பற்றி உருப்படியாக எதையாவது சொல்கிறது.

இந்தியானாபொலிஸ், ஜாக்சன்வில், அட்லாண்டா

2021 சீசனில் ஜார்ஜியாவுக்கு ஒரே தோல்வி. எஸ்.இ.சி. இறுதியாட்டத்தில் அலபாமா 41-24 என்று அடித்துத் துவைத்தது. அந்தத் தோல்வியில் பவர்ஸின் கணக்கு: 10 கேட்ச், 139 யார்டு, ஒரு டச்டவுன். அணி பின்தங்கிப் போய்ப் பந்தை எறிந்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்ததும் இவர் எண் எகிறுவதைக் கவனியுங்கள். பின்னால் இதே கதை திரும்பவும் வரும்.

2022 ஜனவரி 10-இல் இந்தியானாபொலிஸில் தேசிய இறுதியாட்டம். எதிரில் அதே அலபாமா. நாலாவது கால்பகுதியில் ஜார்ஜியா 18-13 என்று பின்தங்கியது. குவாட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட் ஒரு நீளமான பாஸில் 19-18 ஆக்கினார். ஒரு புள்ளி வித்தியாசம், கைவசம் நேரம் குறைவு. அடுத்த முறை பந்து கிடைத்தபோது ஜார்ஜியா வீரத்தனமாக எதையும் முயற்சிக்கவில்லை. மோதி மோதிப் பந்தை நகர்த்திக்கொண்டு வந்து, 15 யார்டு தூரத்தில் இருக்கும்போது பவர்ஸுக்கு ஒரு சின்ன ஸ்கிரீன் பாஸ். ஸ்கிரீன் என்றால் பந்தைப் பிடிப்பதில் வித்தை ஏதும் இல்லை. பிடித்த பிறகு முன்னால் தள்ளுகிறவர்களின் முதுகைப் பார்த்து ஓடத் தெரிய வேண்டும். ஓடினார். 3 நிமிடம் 33 நொடி மீதம் இருக்கையில் 26-18. அதன் பிறகு கீலி ரிங்கோ அலபாமாவின் பாஸை இடைமறித்து 79 யார்டு ஓடியதைத்தான் எல்லாரும் போஸ்டர் அடித்து மாட்டிக்கொண்டார்கள். நியாயம்தான். ஆனால் அலபாமாவை நெருக்கடியில் தள்ளியது அந்த 15 யார்டு. 33-18 என்று முடிந்தது. 1980-க்குப் பிறகு ஜார்ஜியாவுக்கு முதல் தேசியப் பட்டம்.

அந்தக் குளிர்காலத்தில் தோள்மூட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வசந்தகாலப் பயிற்சியைத் தவறவிட்டார். அது 2022-இல் ஆட்டத்தில் தெரியவே இல்லை.

ஜாக்சன்வில்லில் ஃபுளோரிடாவோடு ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டத்தில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். பென்னட் நீளமாக ஒரு பந்து எறிகிறார். ஃபுளோரிடாவின் தடுப்பாளர் சரியாகத்தான் நிற்கிறார். கையைத் தூக்கிப் பந்தைத் தொட்டும் விடுகிறார். பத்துக்கு ஒன்பது முறை கதை அங்கேயே முடிந்துவிடும். பந்து எகிறுகிறது. பவர்ஸ் ஓட்டத்தை விடவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. தடுமாறும் பந்தை ஒரு தடவை தட்டி, மறுபடி சேர்த்துப் பிடித்து, நிலைகுலையாமல் மீதித் தூரத்தையும் ஓடிவிடுகிறார். 73 யார்டு. அன்று மொத்தம் 5 கேட்சில் 154 யார்டு. சர்க்கஸ் என்று வர்ணனையாளர்கள் குதித்தார்கள். எனக்குப் பிடித்தது குதிக்க ஒன்றுமில்லாத அடுத்த பகுதி: பிடித்த உடனே அவர் முகத்தில் ஆச்சரியம் ஏதும் இல்லை, நேரே ஓடினார். மனிதர் பொதுவாகவே பேசாதவர். பேட்டிகளில் இரண்டு வரிக்கு மேல் இவர் வாயிலிருந்து பிடுங்குவது கஷ்டம்.

2022 டிசம்பர் 31, அட்லாண்டா, பீச் பவுல் அரையிறுதி. நாலாவது கால்பகுதியில் ஒஹாயோ ஸ்டேட் 38-24 என்று முன்னால். ஜார்ஜியாவுக்கு நாலாவது டவுன், தேவை 6 யார்டு. கிடைக்காவிட்டால் பந்து போய்விடும். பட்டமும் ஏறக்குறைய போய்விடும். பாஸ் பவர்ஸுக்கு, சைட்லைன் ஓரத்தில். ஒஹாயோ ஆட்கள் அவரை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். உடம்பு ஒரு பக்கம் சரிய, பந்தை மட்டும் குறிக்கு அப்பால் நீட்டுகிறார். நடுவர்கள் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு முதல் டவுன் என்று முடிவு சொன்னார்கள். அதிலிருந்து கிடைத்தது வெறும் 3 புள்ளிதான். ஆனால் ஆட்டம் முடிந்தது 42-41 என்று. ஒற்றைப் புள்ளியில் ஜெயித்த ஆட்டத்தில் அந்த 3 புள்ளியைக் கழித்துப் பாருங்கள். அன்று அவர் மொத்தம் 4 கேட்ச்தான் பிடித்தார்.

அடுத்து தேசிய இறுதியாட்டத்தில் டி.சி.யு. அணியை 65-7 என்று வென்று இரண்டாவது பட்டம். அந்த இறுதியாட்டத்தில் 7 கேட்ச், 152 யார்டு. சீசன் மொத்தம் 63 கேட்ச், 942 யார்டு, 7 டச்டவுன். ஜார்ஜியா ஆடிய 15-இலும் வெற்றி. மேக்கி விருது முதல் முறையாகக் கிடைத்தது. 65-7 மாதிரி ஆட்டங்களில் முடிவு தெளிவான பிறகு முக்கிய ஆட்களை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். தோற்கும் அணியில் இருந்திருந்தால் கடைசி நொடி வரை பந்து இவரைத் தேடி வந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டு: ஆட வேண்டிய கட்டாயம்

2023 ஜனவரியிலேயே பவர்ஸ் தொழில்முறை ஆட்டத்துக்குத் தயார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் என்.எஃப்.எல். விதிப்படி பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாத ஒருவர், தொழில்முறை அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு வர முடியாது. ஆகவே மூன்றாவது சீசன் ஆடியே தீர வேண்டும். விதியின் நோக்கம் இளைஞர்களின் உடலைக் காப்பது என்பார்கள். பவர்ஸின் விஷயத்தில் அது எப்படிக் காத்தது என்பதைப் பார்ப்போம்.

அந்த ஆண்டு நிறைய மாறியிருந்தது. மான்கன் என்.எஃப்.எல்.லின் பால்டிமோர் அணிக்குப் போய்விட்டார். மைக் போபோ பொறுப்பேற்றார். பென்னட் போய் கார்சன் பெக் குவாட்டர்பேக் ஆனார். முக்கியமாக, வாஷிங்டன் பிட்ஸ்பர்க் அணிக்குப் போய்விட்டார். மேலே சொன்ன தலைவலி பாதியாகக் குறைந்தது. எதிரணிகள் இனி ஒரே ஆளைக் குறிவைக்கலாம். பவர்ஸின் ஒரு கேட்சுக்கான சராசரி 2021-இல் 15.8 யார்டு, 2022-இல் 15, 2023-இல் 12.8-க்கு இறங்கியது. இறக்கத்துக்கு வாஷிங்டன் இல்லாததும், குறுகிய பாஸ்கள் கூடியதும்தான் காரணம் என்பது என் எண்ணம். வேகம் குறைந்த மாதிரி தெரியவில்லை.

அணி தடுமாறியபோது அவர் என்ன செய்வார் என்பதற்கு நல்ல சாட்சி செப்டம்பர் 30, ஆபர்ன். எதிரியின் மைதானம், ஜார்ஜியா 10-0 என்று பின்தங்கித் தொடங்கியது. கடைசிவரை இழுபறி, 20-20. மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பந்து யாருக்கு வரப்போகிறது என்று தெரியும். வந்தது. 2 நிமிடம் 52 நொடி மீதம் இருக்கும்போது 40 யார்டு டச்டவுன். அன்று 8 கேட்ச், 157 யார்டு, 27-20 வெற்றி. அதற்கு முந்தைய வாரம் யு.ஏ.பி.க்கு எதிராக 121 யார்டு, அடுத்த வாரம் கென்டக்கிக்கு எதிராக 132. டைட் எண்ட் ஒருவருக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை கொடுக்கலாமா என்று பேச்சு எழுந்தது அந்த வாரங்களில்தான்.

அக்டோபர் 14, வாண்டர்பில்ட் ஆட்டத்தில் கணுக்கால் போனது. சாதாரணச் சுளுக்கு இல்லை. காலின் இரண்டு நீள எலும்புகளையும் கணுக்காலுக்கு மேலே சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநாரில் அடி. இதற்கு டைட்ரோப் என்ற அறுவை சிகிச்சை. இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு, பலமான நூலைக் கோத்து, இருபுறமும் சின்ன உலோகப் பொத்தான் போட்டு இறுக்கிவிடுவார்கள். திருகாணி அடிக்கும் பழைய முறையைவிட ஆள் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். அலபாமாவின் துவா டாகோவைலோவா 2018-இல் இதைச் செய்துகொண்டு நாலு வாரத்தில் ஆடிய பிறகு இந்தப் பெயர் ரசிகர்கள் வாயில் புழங்கத் தொடங்கியது.

பவர்ஸுக்கு அக்டோபர் 16-இல் அறுவை சிகிச்சை. நவம்பர் 11-இல் ஓல் மிஸ்ஸுக்கு எதிராக ஆடினார்; டச்டவுனும் போட்டார். 26 நாள். அடுத்த ஏப்ரலில் கோடிக்கணக்கான டாலர் காத்திருக்கும் ஒரு பையன் இப்படித் திரும்பி வர வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. மறுபக்கம், அணி தோற்காமல் இருந்தது. 1934-36 மினசோட்டாவுக்குப் பிறகு யாரும் செய்யாத மூன்றாவது தொடர் பட்டம் எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் திரும்பியதை வீரம் என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை, முட்டாள்தனம் என்று சொல்லவும் இல்லை. 20 வயதுப் பையன் ஆட ஆசைப்படுவான். தடுப்பதும் அனுமதிப்பதும் பெரியவர்கள் வேலை. ஜார்ஜியா டெக் ஆட்டத்தில் அவரை மறுபடி உட்கார வைத்ததைப் பார்த்தால் கணுக்கால் முழுசாகத் தேறவில்லை என்றே படுகிறது. எஸ்.இ.சி. இறுதியாட்டத்தில் அலபாமாவிடம் 27-24 தோல்வி. 29 தொடர் வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி. அவர் கணக்கு 5 கேட்ச், 53 யார்டு. தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் அணிக்கு இடம் கிடைக்காததும், சீசனின் கடைசி ஆட்டமான ஆரஞ்சு பவுலில் அவர் ஆடவில்லை. கல்லூரி வாழ்க்கை அவ்வளவுதான்.

எதிர்வாதம்

மூன்று சீசன்களில் ஜார்ஜியா 42 வெற்றி, 2 தோல்வி. இரண்டும் அட்லாண்டாவில், இரண்டும் அலபாமாவிடம். பவர்ஸ் ஆடிய 40 ஆட்டங்களில் 38 வெற்றி. அதைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது: அவர் ஆடாத 4 ஆட்டங்களிலும் ஜார்ஜியா ஜெயித்தது. ஃபுளோரிடாவை 43-20, மிசூரியை 30-21, டெக்கை 31-23, ஃபுளோரிடா ஸ்டேட்டை 63-3. லாட் மெக்கான்கி, ஆஸ்கர் டெல்ப் போன்றவர்கள் இடத்தை நிரப்பினார்கள். அப்படியானால் இவ்வளவு பெரிய அணியில் யார் இருந்தாலும் இப்படித்தான் ஆடியிருப்பார்களோ?

எனக்கு இந்த வாதத்தில் பாதி ஒப்புதல் உண்டு. ஜார்ஜியா அவரால் மட்டும் ஜெயித்த அணி அல்ல. 2021-இல் அந்த அணியின் தடுப்பு வரிசையே தனிக் கதை. அந்த நாலில் கடைசி ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. எதிரணியின் முக்கிய ஆட்கள் பாதிப்பேர் அன்று ஆடவே இல்லை. ஆனால் வித்தியாசம் நெருக்கமான ஆட்டங்களில்தான் தெரியும். இறுதியாட்டத்தின் அந்த 15 யார்டு, ஒஹாயோவுக்கு எதிரான நாலாவது டவுன், ஆபர்னின் 40 யார்டு. மூன்றிலும் வேறு வழி அடைபட்டபோது பந்து போன இடம் ஒன்றே. 65-7 ஆட்டத்தில் ஒருவரின் மதிப்பை அளக்க முடியாது. 42-41 ஆட்டத்தில் முடியும்.

டிராஃப்டும் அதன் பிறகும்

தொழில்முறை அணிகள் இதை எப்படி எடைபோட்டன என்பது சுவாரஸ்யம். டைட் எண்டை முதல் பத்துக்குள் எடுப்பது அங்கே வழக்கமில்லை. 2021-இல் நாலாவதாகப் போன கைல் பிட்ஸ் விதிவிலக்கு. போதாததற்கு, தொடைத் தசைக் காயத்தால் பவர்ஸ் டிராஃப்டுக்கு முந்தைய ஓட்டச் சோதனைகளில் கலந்துகொள்ளவில்லை. ஆக, அணிகளின் கையில் இருந்தது ஜார்ஜியா வீடியோக்கள் மட்டுமே. 2024 ஏப்ரல் 25-இல் 12 பேர் போன பிறகு லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் 13-ஆவதாக எடுத்தது. அவர்களிடம் முந்தைய ஆண்டு இரண்டாவது சுற்றில் எடுத்த மைக்கேல் மேயர் என்ற டைட் எண்ட் ஏற்கெனவே இருந்தார். இன்னொருவர் எதற்கு என்று சில ரெய்டர்ஸ் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள்.

முதல் சீசனில் பவர்ஸ் 112 கேட்ச் பிடித்தார். என்.எஃப்.எல். வரலாற்றில் எந்த முதலாண்டு வீரரும், எந்த இடத்தில் ஆடியவரும், அவ்வளவு பிடித்ததில்லை. முந்தைய ஆண்டு பூக்கா நகுவா வைத்த 105 உடைந்தது. 1,194 யார்டு, முதலாண்டு டைட் எண்டுகளில் மைக் டிட்கா 1961-இல் எடுத்த 1,076 யார்டு 63 ஆண்டு அசையாமல் இருந்தது, அதுவும் போயிற்று. டிட்கா காலத்தில் சீசனுக்கு 14 ஆட்டம், இப்போது 17 என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டின் சிறந்த அணியான ஆல்-ப்ரோவில் முதல் வரிசையிலேயே பெயர். இத்தனையும், அந்தச் சீசனில் குவாட்டர்பேக் இடத்தில் மூன்று பேர் மாறி மாறி எறிந்த ஓர் அணியில்.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கணிப்புக்கு ஒரு சோதனை கிடைக்கிறது. 2022-இல் ஜார்ஜியாவில் ஆட்டத்துக்கு 4.2 கேட்ச், கேட்சுக்கு 15 யார்டு, அணிக்கு 15 வெற்றி, தோல்வி பூஜ்யம். 2024-இல் வேகஸில் ஆட்டத்துக்கு 6.6 கேட்ச், கேட்சுக்கு 10.7 யார்டு, அணிக்கு 4 வெற்றி, 13 தோல்வி. அதே கால்கள், அதே கைகள். ஒரு பக்கம் எதிராளிக்குத் தலைவலி கொடுக்கச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இவருக்குப் பந்து குறைவாக வந்தது, வந்தபோதெல்லாம் முன்னால் வெட்டவெளி இருந்தது. மறுபக்கம் வேறு ஆள் இல்லாததால் பந்து இவரிடமே வந்துகொண்டிருந்தது, பிடித்த இடத்திலேயே இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். கல்லூரிக் கணக்கை மட்டும் பார்த்து டைட் எண்டை எடைபோடும் அணிகள் 63 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கும். 2024-இல் அவருக்கு முன்னால் தேர்வு செய்த சில அணிகளுக்கு டைட் எண்ட் தேவை இருக்கத்தான் செய்தது.